பதினேழு பேரின் கண்கள்

அக்கா மகளின் கல்யாண ஆல்பம் அச்சாகி வந்த அன்று எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை. அவர்கள் எழுந்து போன பிறகு அக்கா மட்டும் முகூர்த்தப் பக்கத்தை மறுபடி திறந்து, ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்து வெகுநேரம் பார்த்தாள். "புடவை இப்படிக் கறுத்துப்போச்சேடா. இது அரக்கு மாதிரியே இல்லையே" என்றாள்.

அந்தப் படங்களைத் திருத்தியவன் நான். இரண்டு மாதம் இரவு இரவாக உட்கார்ந்து செய்த வேலை. என் கணினித் திரையில் அந்தக் கூறைப்புடவையின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. மடிப்புக்குள் இருந்த நிழலில்கூட ஜரிகைப் புட்டா மினுங்கியது. ஆல்பத்தில் மடிப்புகள் இருட்டில் மூழ்கிவிட்டன. மாப்பிள்ளையின் தலைமுடி பின்னால் இருந்த திரைச்சீலையோடு ஒட்டிக்கொண்டது. கலர் லேபில்தான் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று நம்பி, ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே அதே கோப்பை அவர்களுடைய திரையில் திறந்து காட்டினார்கள். அச்சில் எப்படி இருந்ததோ, அதே இருட்டு. லேப் சரியாகத்தான் அச்சடித்திருந்தது. தப்பு என் மேஜையில் இருந்தது.

என் மானிட்டர் பெட்டியிலிருந்து வெளியே எடுத்த நாளில் எந்த வெளிச்சத்தில் இருந்ததோ, அதே வெளிச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பிரகாசமான கடையில், வரிசையாக நிற்கும் பத்துத் திரைகளுக்கு நடுவே கண்ணை இழுப்பதற்காக வைக்கப்பட்ட வெளிச்சம் அது. திரையின் வெளிச்சத்தை 'நிட்' என்ற அலகில் அளக்கிறார்கள். புதுத் திரைகள் பெரும்பாலும் 250-இலிருந்து 350 நிட் வரை கொட்டும். காகிதமோ தானாக ஒளிர்வதில்லை. 300 லக்ஸ் வெளிச்சம் விழும் ஓர் அறையில் நல்ல வெள்ளைத்தாள் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புவது சுமார் 85 நிட்தான். அதைப்போல மூன்று நான்கு மடங்கு வெளிச்சமான திரையை நம்பி, 'படம் கொஞ்சம் அதிகமாக வெளுத்திருக்கிறதே' என்று ஒவ்வொரு படத்தையும் நான் இறக்கியிருக்கிறேன். அந்த இறக்கம் அப்படியே தாளுக்குப் போய்விட்டது.

அத்தனை இரவுகளில் என் கண் ஏன் ஒருமுறைகூட எச்சரிக்கவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் இந்த அத்தியாயத்துக்கான விஷயங்கள் கிடைத்தன.

வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் டியூப்லைட் எரியும் கூடத்திலிருந்து மஞ்சள் குண்டு பல்பு எரியும் சமையலறைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் வீடுகளில் மாட்டும் டியூப்லைட்டின் நிறவெப்பநிலை பெரும்பாலும் 6500 கெல்வின். குண்டு பல்புக்கு அது 2700 அளவில் இருக்கும். வேட்டியிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி இரண்டு அறையிலும் வேறு வேறு. நிறத்தை அளக்கும் கருவியை வைத்து அளந்தால், சமையலறை வேட்டியை ஆரஞ்சு என்றே சொல்லிவிடலாம். நமக்கோ வேட்டி இரண்டு இடத்திலும் வெள்ளை. கண்ணும் மூளையும் சேர்ந்து அறையின் வெளிச்சத்தைக் கணக்கிட்டுக் கழித்துவிடுகின்றன. பழுத்த பழத்தைக் காலையிலும் மாலையிலும் ஒரே பழமாக அடையாளம் காண வேண்டிய உயிரினத்துக்கு இது பெரிய வரம். 1995-இல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த எட்வர்ட் அடெல்சன் ஒரு சதுரங்கப் பலகையும் அதன்மேல் நிழல் வீழ்த்தும் ஓர் உருளையும் கொண்ட படத்தை வெளியிட்டார். அதில் வெளிச்சத்தில் இருக்கும் கறுப்புக் கட்டமும் நிழலுக்குள் இருக்கும் வெள்ளைக் கட்டமும் துல்லியமாக ஒரே சாம்பல் நிறம். இது தெரிந்த பிறகும், எத்தனை முறை பார்த்தாலும், ஒன்று கறுப்பாகவும் மற்றது வெள்ளையாகவும்தான் தெரிகிறது. எனக்கு இன்றும் அப்படித்தான்.

இந்த வரம்தான் படத்திருத்தத்தில் எதிரியாகிறது. திரை நீலத்துக்குச் சாய்ந்திருந்தால், ஐந்து பத்து நிமிடத்தில் கண் அந்த நீலத்தை 'வெள்ளை' என்று ஏற்றுக்கொண்டுவிடும். அதன்பிறகு நாம் எந்தப் படத்தைத் திருத்தினாலும் அந்த ஏற்றுக்கொள்ளலை வைத்தே திருத்துகிறோம். கண் எதையும் மன்னித்துவிடும். மன்னிக்கத் தெரியாத ஒன்று நமக்கு வேண்டும்.

அது என்ன என்று பார்ப்பதற்கு முன், படக்கோப்புக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். அதில் நிறம் கிடையாது, எண்கள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0-விலிருந்து 255 வரை. 'சிவப்பு 255, பச்சை 0, நீலம் 0' என்பது திரைக்குப் போகும் ஒரு கட்டளை: உன்னிடம் இருக்கும் சிவப்பை முழுதாகத் திற, மற்ற இரண்டையும் மூடு. எந்தச் சிவப்பு என்று அந்தக் கட்டளையில் இல்லை. ஒரு திரையின் சிவப்பு குங்குமச் சிவப்பாக இருக்கலாம், இன்னொன்றின் சிவப்பு தக்காளிச் சிவப்பாக இருக்கலாம். 'ஒரு படி அரிசி' என்று எழுதிவிட்டு, எந்த ஊர்ப் படி என்று சொல்லாமல் விட்டதைப் போல.

அப்படியானால் எல்லோருக்கும் பொதுவான படி எது? அதைச் செய்தவர்கள் பதினேழு பேர்.

1920களின் கடைசி. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டேவிட் ரைட் என்ற இளம் ஆய்வாளரும், அருகில் டெடிங்டன் என்னும் ஊரில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஜான் கில்டும், தனித்தனியாக ஏறக்குறைய ஒரே சோதனையைச் செய்துகொண்டிருந்தார்கள். இருட்டறையில் ஒருவரை உட்கார வைத்து, ஒரு சிறு துளை வழியே பார்க்கச் சொல்வார்கள். தெரிவது ஒரு குட்டி வெளிச்சப் பரப்பு. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் எவ்வளவு அகலம் தெரியுமோ, அவ்வளவுதான். அதன் ஒரு பாதியில் வானவில்லிலிருந்து பிரித்தெடுத்த ஒற்றை நிறம். மறு பாதியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் கலவை. மூன்றையும் கூட்டிக் குறைத்து, நடுக்கோடு மறைந்து இரு பாதியும் ஒன்றாகும்வரை சரிசெய்ய வேண்டும். பிறகு மூன்றின் அளவையும் குறித்துக்கொண்டு அடுத்த நிறம். ரைட்டுக்குப் பத்துப் பேர், கில்டுக்கு ஏழு பேர் இப்படிக் கண்ணைத் தந்தார்கள்.

சில நிறங்கள் மசியவில்லை. 500 நானோமீட்டர் பக்கத்தில் இருக்கும் நீலம் கலந்த பச்சையை எந்த மூன்று ஒளியைக் கலந்தும் எட்ட முடியவில்லை; கலவை எப்போதும் சற்று வெளிறியே நின்றது. அதற்கு ஒரு வழி கண்டார்கள். மறு பாதியிலிருந்த சிவப்பு ஒளியை எடுத்து, சோதனை நிறத்தின் பக்கமே சேர்த்தார்கள். இப்போது இரு பாதியும் பொருந்தின. கணக்கில் அதைச் சிவப்பின் எதிர்மறை அளவாக எழுதினார்கள். ஒளியில் எதிர்மறை கிடையாது. ஆனால் அந்தக் கழித்தல் குறி ஓர் உண்மையைச் சொன்னது. மூன்று நிறங்களைக் கொண்டு ஒளிரும் எந்தத் திரையாலும் மனிதக் கண் காணும் எல்லா நிறத்தையும் காட்டிவிட முடியாது. தொலைக்காட்சி வீட்டுக்கு வருவதற்கு முன்பே அதன் எல்லையை அந்த இருட்டறை வரைந்துவிட்டது.

இரண்டு ஆய்வகமும் வெவ்வேறு கருவிகள், வெவ்வேறு மூல ஒளிகள், வெவ்வேறு ஆட்களைப் பயன்படுத்தியிருந்தும், ஒரே அளவைக்கு மாற்றிப் பார்த்தபோது முடிவுகள் ஆச்சரியப்படும்படி ஒத்துப்போயின. 1931 செப்டம்பரில் கேம்பிரிட்ஜில் கூடிய பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம், சிஐஇ, அந்தப் பதினேழு பேரின் சராசரியை 'நியமப் பார்வையாளர்' என்று அறிவித்தது. கழித்தல் குறிகள் கைக்கணக்குக்குத் தொந்தரவாக இருந்ததால், அவை வராதபடி கணிதத்தில் மட்டுமே இருக்கும் மூன்று கற்பனை நிறங்களாக மாற்றி எழுதினார்கள். இன்றைக்கும் ஒரு நிறத்தை எண்ணால் சொல்லும் பெரும்பாலான தரங்களின் அடியிலும் அந்தப் பதினேழு பேர் இருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் எடுத்த அளவு நம் ஊர்க் கண்ணுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நிறத்துறையில் அப்படி ஓர் அநியாயம் நடந்தும் இருக்கிறது. பல பத்தாண்டுகள் கலர் லேப்கள் தங்கள் இயந்திரங்களைச் சரிபார்த்தது 'ஷெர்லி அட்டை' என்ற படத்தை வைத்து. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் முகம் நன்றாக வந்துவிட்டால் இயந்திரம் சரி என்று முடிவு. கறுத்த முகங்கள் விவரம் இழந்து அச்சானதை வெகுகாலம் யாரும் இயந்திரத்தின் குறையாகப் பார்க்கவே இல்லை. ஆனால் பதினேழு பேரின் அளவு அப்படிப்பட்டதல்ல. எது அழகான நிறம் என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இரு பாதியும் ஒன்றாகத் தெரிகிறதா என்று மட்டும்தான் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்வது விழித்திரையில் இருக்கும் மூன்று வகைக் கூம்பு செல்கள். ஆளுக்கு ஆள் சிறு வேறுபாடு உண்டு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்தப் பொருத்தும் சோதனையில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. மஞ்சள் பொடியை எடுத்துக்கொள்ளுங்கள். அது நீலத்தை விழுங்கிவிட்டுப் பச்சையிலிருந்து சிவப்பு வரைக்கும் உள்ள ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. திரையில் மஞ்சள் விளக்கே கிடையாது. ஒரு குறுகிய பச்சை, ஒரு குறுகிய சிவப்பு, அவ்வளவுதான். இரண்டு ஒளியும் இயற்பியலில் வேறு. ஆனால் மூன்று வகைக் கூம்புகளையும் ஒரே அளவில் தூண்டினால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இப்படி உள்ளே வேறாகவும் பார்வைக்கு ஒன்றாகவும் இருக்கும் நிறங்களை 'மெட்டாமர்' என்கிறார்கள். தொலைக்காட்சி, கைபேசி, அச்சு எல்லாமே இந்த ஒற்றுமையை நம்பித்தான் பிழைக்கின்றன. இது ஏமாற்று என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்ணின் மொழியில் மூன்றே எழுத்துகள் இருப்பதால்தான், மூன்று விளக்குகளைக் கொண்டு ஒரு கல்யாண வீட்டையே எழுத முடிகிறது.

இனி, மன்னிக்கத் தெரியாத அந்தக் கருவி. அதன் பெயர் கலரிமீட்டர். உள்ளங்கைக்குள் அடங்கும், திரையின்மேல் தொங்கவிட்டால், கம்பியின் மறுமுனையில் இருக்கும் எடை அதை நழுவாமல் பிடித்துக்கொள்ளும். உள்ளே ஒளியுணரிகளும் அவற்றின் முன்னால் நிற வடிகட்டிகளும் இருக்கின்றன. 1931-இன் நியமப் பார்வையாளருடைய மூன்று வளைவுகளை முடிந்தவரை ஒத்து ஒளியை வடிப்பதுதான் அந்த வடிகட்டிகளின் வேலை. கலரிமீட்டரைத் திரையில் மாட்டும்போது, பதினேழு பேரை அங்கே உட்கார வைக்கிறோம். அவர்கள் களைப்பதில்லை, அறையின் வெளிச்சத்துக்குப் பழகிக்கொள்வதும் இல்லை.

எனக்கு ஒரு நண்பர் தன் கருவியைக் கடன் கொடுத்தார். திரையை அரை மணி நேரம் ஓடவிட்டு நிலைப்படுத்திக்கொண்டேன். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியையும், வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியையும் அணைத்தேன். இவை ஓடிக்கொண்டிருந்தால் அளப்பது முழுவதும் வீண். பிறகு மென்பொருள் இலக்குகளைக் கேட்டது. வெளிச்சம் 100 நிட். வெள்ளைக்கு டி65, அதாவது சராசரிப் பகல் வெளிச்சத்தைப் பிரதிநிதிப்படுத்தும் நியமம். ஏறக்குறைய 6500 கெல்வின். அச்சுத் தொழிலில் படத்தைப் பார்க்கும் விளக்குக்கு டி50 என்ற சற்று மஞ்சளான வெள்ளைதான் நியமம் என்பதால் சிலர் திரையையும் அதற்கே வைப்பதுண்டு. இணையத்துக்கும் வீட்டு ஆல்பத்துக்கும் வேலை செய்கிறவருக்கு டி65 போதும்.

மூன்றாவது இலக்கு காமா, 2.2. இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 255-இல் பாதி 128. ஆனால் 128 என்ற எண்ணுக்குத் திரை தருவது பாதி வெளிச்சம் இல்லை, சுமார் 22 சதவீதம்தான். கண்ணோ அதைப் பாதி வெளிச்சம் போலத்தான் காண்கிறது. இருட்டறையில் ஓர் அகல் ஏற்றினால் வீடே மாறிவிடுகிறது. நூறு விளக்கு எரியும் மண்டபத்தில் நூற்றியொன்றாவதை ஏற்றினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கண் நிழல்களில் கூர்மையாகவும் வெளிச்சத்தில் மந்தமாகவும் இருப்பதால், இருக்கும் 256 படிகளில் அதிகப் படிகளை நிழலுக்கு ஒதுக்குவதுதான் சிக்கனம். இதில் ஓர் அழகான தற்செயல் இருக்கிறது. பழைய பிக்சர் டியூப் திரைகளில் மின்னழுத்தத்தைக் கூட்டும்போது வெளிச்சம் இதே போன்ற வளைவில்தான் ஏறியது. எலக்ட்ரான் துப்பாக்கியின் இயற்பியலும் மனிதக் கண்ணின் உணர்வும் ஒன்றுக்கொன்று தலைகீழான வளைவுகளாக அமைந்துவிட்டன. டியூப் போய்விட்டது, வளைவு தங்கிவிட்டது. அந்த வளைவு கீழே கொஞ்சம் பிசகினால் முதலில் அடிவாங்குவது அரக்குப் புடவையின் மடிப்புகளும் கறுத்த கூந்தலும்தான்.

கருவி தொங்க, திரையில் நிறக்கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின. கறுப்பு, சாம்பல்கள், வெள்ளை, சிவப்புகள், பச்சைகள், நீலங்கள். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து பார்த்தேன்.

இந்த நேரத்தில் நடப்பவை இரண்டு வேலைகள். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. எங்கள் வீட்டுக் கூடத்துக் கடிகாரம் எப்போதும் பத்து நிமிடம் முன்னால் ஓடும். முள்ளைத் திருப்பி நேரத்தைச் சரிசெய்வது ஒரு வழி. முள்ளைத் தொடாமல், 'இது பத்து நிமிஷம் ஃபாஸ்ட்' என்று தெரிந்துகொண்டு மனத்தில் கழித்துக்கொள்வது இன்னொரு வழி. திரையின் வெளிச்சத்தையும் வெள்ளையையும் வளைவையும் இலக்குக்கு இழுத்து வருவதுதான் காலிபரேஷன். அது முள்ளைத் திருப்புவது. அதன்பிறகும் மிச்சமிருக்கும் சுபாவத்தை, 'இந்தத் திரையின் சிவப்பு இது, பச்சை இது' என்று ஒரு சிறு கோப்பில் எழுதிவைப்பது புரொஃபைல். 1993-இல் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ஐசிசி என்ற அமைப்பு இந்தக் கோப்புக்குப் பொது வடிவம் கொடுத்தது. ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருள் படத்தோடு வரும் புரொஃபைலையும் திரையின் புரொஃபைலையும் படித்து, ஒன்றின் எண்ணை மற்றதன் எண்ணாக மொழிபெயர்க்கும்; நடுவில் நின்று மொழிபெயர்ப்பவர்கள் அதே பதினேழு பேர்.

படத்தோடு வரும் புரொஃபைலிலும் வகைகள் உண்டு. 1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்து, 1999-இல் பன்னாட்டுத் தரமான எஸ்ஆர்ஜிபி இணையத்தின் பொதுமொழி. 1998-இல் வந்த அடோபி ஆர்ஜிபி பச்சையிலும் நீலப்பச்சையிலும் அதைவிட அகலமானது. மயில்கழுத்து நிறத்தில் கரை வைத்த புடவையைப் படமெடுத்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். அந்த நிறத்தின் ஆழமான இடங்கள் எஸ்ஆர்ஜிபியின் எல்லைக்கு வெளியே நழுவிவிடும். அதற்காக எல்லாப் படத்தையும் அடோபியில் அனுப்பிவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புரொஃபைலைப் படிக்காத மென்பொருளில் அந்தப் படம் சாயம் போன துணி போலத் திறக்கும். நேர்மாறாக, அகலமான நிறவீச்சுள்ள திரையில் புரொஃபைலைப் படிக்காத மென்பொருள் எல்லார் முகத்தையும் வெயிலில் வெந்தது போலச் சிவக்க வைக்கும்.

அளவெடுப்பு முடிந்து புதிய நிலை திரைக்கு வந்த அந்த நொடி எனக்கு ஏமாற்றமாக இருந்தது. திரை மங்கி, மஞ்சளடித்துத் தெரிந்தது. கருவியில் கோளாறு என்றே நினைத்தேன். வேறு வேலை பார்க்கப் போய், அரை மணி நேரம் கழித்து வந்து உட்கார்ந்தபோது திரை வெள்ளையாக இருந்தது. மாறியது என் கண். இரண்டு மாதம் நான் வெள்ளை என்று நம்பியது நீலம்.

முகூர்த்தப் படத்தைத் திறந்தேன். அக்கா சொன்னது அப்படியே கண்முன் இருந்தது. மடிப்புகளே இல்லாத, கறுத்த ஒரு துணி.

கருவியை மாட்டுவதோடு வேலை முடிவதில்லை. அறையும் திரையின் பகுதிதான். சிவப்புச் சட்டை போட்டு உட்கார்ந்தால் திரையின் கறுப்பில் அந்தச் சிவப்பு படியும். எதிர்ச் சுவரில் அடர்ந்த பச்சை வண்ணம் இருந்தால், கண் அதைக் கழிக்கப் போய்ப் படத்தில் சிவப்பைக் கூட்டிப் பார்க்கும். ஜன்னல் வெளிச்சம் காலைக்கும் மாலைக்கும் மாறும். திரைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி விளக்குகளும் நாளாக நாளாக மங்கி நிறம் பிசகும்; கடைத்தராசுக்கு முத்திரையைப் புதுப்பிப்பது போல, மாதம் ஒருமுறை அளந்துவிடுவது நல்லது. இதையெல்லாம் செய்தவர்களுக்கு மென்பொருள் கடைசியில் 'டெல்டா ஈ' என்று ஒரு எண்ணைக் காட்டும். வந்த நிறத்துக்கும் வரவேண்டிய நிறத்துக்கும் உள்ள தூரம் அது. 1 என்பது கூர்ந்து பார்த்தால் தெரியலாம், தெரியாமலும் போகலாம் என்ற அளவு. இந்தத் தூரத்தை வரையறுப்பது எளிதாக இருக்கவில்லை. 1942-இல் கோடக் ஆய்வகத்தில் டேவிட் மக்ஆடம், ஒரே ஒரு பார்வையாளரை 25,000 முறைக்கும் மேல் நிறங்களைப் பொருத்தச் செய்து, கண் பச்சையில் சிறு வித்தியாசங்களைச் சகித்துக்கொள்கிறது, நீலத்தில் சகிப்பதில்லை என்று சிஐஇ வரைபடத்தின்மேல் காட்டினார். அந்த ஒரு மனிதரின் பொறுமையை நினைத்தால் எனக்கு வணங்கத் தோன்றுகிறது.

சராசரியின் எல்லைக்கும் வந்துவிட்டோம். ஒரு எல்சிடி திரையையும் ஓஎல்இடி திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கருவி இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டும்வரை சரிசெய்தாலும், பார்க்கிறவருக்கு இரண்டு வெள்ளையும் வேறாகத் தெரிவதுண்டு. இரண்டும் மெட்டாமர்கள்தான், ஆனால் நியமப் பார்வையாளருக்கு. ஓஎல்இடியின் நிறக்கற்றைகள் குறுகலானவை. கற்றை குறுகக் குறுக, ஆளுக்கு ஆள் உள்ள சிறு வேறுபாடு பெரிதாகத் தெரியத் தொடங்கும். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளாகி நீலத்தைக் கொஞ்சம் தடுத்துவிடும். விழித்திரையின் நடுவில் இருக்கும் மஞ்சள் நிறமியும் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. பதினேழு பேரின் சராசரியாக உலகில் ஒருவர்கூட இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

எல்லாப் படங்களையும் மறுபடி திருத்த மூன்று வாரம் ஆனது. முகூர்த்தப் பக்கத்தை மட்டும் முதலில் அச்சடித்து அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன். பீரோவிலிருந்து புடவையை எடுத்து வரச்சொல்லி, காலை பத்து மணி வெளிச்சத்தில் ஜன்னலோரம் இரண்டையும் சேர்த்து விரித்தோம். அரக்குக்கு அரக்கு பொருந்தியது. மடிப்புகள் எண்ணும்படி இருந்தன. மயில்கழுத்துக் கரை பொருந்தவில்லை. பாவில் ஒரு நிறமும் ஊடையில் ஒரு நிறமுமாக நெய்த பட்டு அது. அக்கா புடவையை லேசாகச் சாய்த்தாள். கரை பச்சையிலிருந்து நீலத்துக்குப் போய்த் திரும்பியது. படத்தில் அது ஒரே நிறத்தில் நின்றது. இன்னும் இரண்டு முறை சாய்த்துப் பார்த்தாள்.

"அரக்கு சரியா இருக்குடா" என்றாள்.